பத்தியம் விட்டதால பிள்ளைக்கு வயித்துப்பொருமலா?

கேள்வி (வெள்ளவத்தை):
மகளுக்கு இப்ப 2 மாதம். சரக்குக்கறியை (பிள்ளை பெத்த தாய்க்கு வைக்கிற பத்தியக்கறி) விட்டுப் பருப்பு, கோவா (முட்டைக்கோஸ்), பால்தேத்தண்ணி எண்டு சாப்பிடத் தொடங்கினன். பின்னேரமானால் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுறாள். மலமும் பச்சையாப் போகுது. மாமி திரும்பப் பத்தியம் இருக்கச் சொல்றா. இருக்கட்டோ?

பதில் 1:
வேண்டாம் தங்கச்சி. பருப்பால வாற வாயு உங்கட குடலோட நிண்டுடும், தாய்ப்பாலுக்குள்ள போகாது. இந்த வயசில பின்னேர அழுகை கன பிள்ளையளுக்கு இருக்கு. பச்சை மலம் மட்டும் எண்டால் பயமில்லை. வயிறாரச் சாப்பிடுங்கோ.

பதில் 2:
பசுப்பால் புரதம் தாய்ப்பாலில போகும், அதைத்தான் யோசிக்கோணும். என்ட மகனுக்கு மலத்தில சளி, நூல் மாதிரி இரத்தம். டொக்டர் பால்மா, தயிர், சீஸ் எல்லாத்தையும் 2 - 4 கிழமை நிப்பாட்டிப் பாக்கச் சொன்னார், தெளிஞ்சிட்டுது. இரத்தம் கண்டால் உடன கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. நீங்களா ஒண்டையும் விடாதேங்கோ.

கேட்டவர்:
சளியும் இல்லை, இரத்தமும் இல்லை அக்கா. மிட்வைஃப் மிஸ் வரேக்க நாப்கினைக் காட்டிக் கேக்கிறன்.