பாடிபோர்டு: நம் கடலுக்கு எந்த நுரைப் பலகை?

திருவொற்றியூர்வாசி:
படுத்தபடி அலையில் சறுக்கும் பலகையை என் மகனுக்கு வாங்க எண்ணுகிறேன். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் என இருவகை நுரைகளைக் காட்டுகிறார்கள். எது ஏற்றது?

உப்புக்காற்று:
ஐயா, 1971இல் ஹவாயில் டாம் மோரே வெட்டிய முதல் பலகை பாலிஎத்திலீன்தான் என்றாலும், குளிர்ந்த நீரில் விறைப்பாக நிற்கும் அந்த நுரை நம்முடையதைப் போன்ற வெதுவெதுப்பான கடலில் தொய்ந்து வேகத்தை இழந்துவிடும். ஆகவே, பாலிபுரோப்பிலீனே நல்லது. நிமிர்த்தி நிறுத்தினால் பலகை உங்கள் மகனின் தொப்புள் உயரத்துக்கு வர வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிடாதீர்கள். அடிப்பக்கத் தகடு உப்பிப் பிரிந்துவிடும்.

காசிமேட்டுக்காரன்:
பலகையைவிட இடம்தான் முக்கியம், அண்ணே. காசிமேடு முதல் எண்ணூர் வரை கரையோரம் கொட்டியுள்ள பாறைகளும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் இவ்விளையாட்டுக்கு ஆகாதவை. வளைவை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். சென்னைக்குத் தெற்கே, பயிற்சியாளர்கள் இருக்கும் கோவளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கால் துடுப்புகளையும் சேர்த்தே வாங்குங்கள். அவை இல்லாமல் அலையைப் பிடிப்பது கடினம்.

திருவொற்றியூர்வாசி:
நன்றி. பலகையைக் கையோடு இணைக்கும் கைப்பட்டையை மணிக்கட்டில் கட்டுவதா, புஜத்திலா?

உப்புக்காற்று:
புஜத்தில் கட்டினால் துழாவும்போது இடையூறு குறைவு.