டிவியை அணைச்சிட்டு அதிபர் விவாதம் கேக்கணுமாம்!

வாளையார் வாத்தி: அமெரிக்காவுல ஓட்டு இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நேத்து சித்தூர்க்காரர் உபதேசம் பண்ணியிருந்தார். "விவாதத்தைப் பாக்காதீங்க, காதால கேளுங்க. 1960 அதிபர் தேர்தல் விவாதத்தை ரேடியோவுல கேட்டவங்க நிக்ஸன் ஜெயிச்சார்னாங்க, டிவி பாத்தவங்க கென்னடின்னாங்க." இந்தப் புளிச்ச மாவை இன்னும் எத்தனை நாளைக்கு ஊத்துவீங்க? அப்படிச் சொன்ன கணக்கெடுப்புல ரேடியோ கேட்டவங்க 300 பேர் கூடக் கிடையாது. நாடு முழுக்க டிவியில விவாதம் பாத்தது சுமார் 7 கோடிப் பேர்!

சித்தூர்க்காரன்: வந்துட்டாருய்யா. நிக்ஸன் முழங்கால் நோவுக்கு ஆஸ்பத்திரியில கிடந்து இளைச்சுப் போயிருந்தார். டிவியில மூஞ்சி வெளிறி, தாடையில வேர்வை வழிஞ்சது. அதுவும் பொய்யா?

வாளையார் வாத்தி: வேர்வை நிஜம். 300க்குப் பதில் சொல்லுங்க.

மூணாறு மலர்: வேர்வையை விடுங்கண்ணா. 1976 விவாதத்துல அப்போதைய அதிபர் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவுல சோவியத் ஆதிக்கமே இல்லைன்னுட்டார். நிருபர் நம்ப முடியாம திருப்பிக் கேட்டார். அப்பவும் மனுஷன் விடலை. திருத்திக்க வாய்ப்புக் கொடுத்தா திருத்திக்கிறாரா, அதைப் பாக்க வேண்டாமா?

வாளையார் வாத்தி: அது வேற கதைம்மா. முதல்ல இந்த 300 தீரட்டும்.

பால் சொசைட்டி: 2024 ஜூன் 28, நம்ம நேரம் காலை 6:30. பாலை ஊத்திட்டு வந்து பைடன்-டிரம்ப் விவாதத்தைப் போன்ல பாத்தேன். ஒருத்தர் பேசுறப்ப மத்தவர் மைக்கை அணைச்சிட்டாங்க, எதிர்ல கூட்டமும் இல்லை. பைடன் குரல் கம்மி, நடுப்பேச்சுல தடுமாறி நின்னார். ஒரு மாசத்துக்குள்ள போட்டியிலிருந்தே விலகிட்டார்.

சித்தூர்க்காரன்: அதைத்தானய்யா சொல்றேன், காது போதும்னு!

வாளையார் வாத்தி: போதுமா? டிரம்ப் பேசுறப்ப பைடன் வாயைத் திறந்தபடி நின்னாரே, அது காதுல கேக்குமா? எங்க ஹெட்மாஸ்டர் மாதிரி கண்ணை மூடிட்டு மதிப்பெண் போடச் சொல்றீங்க. 300 பேரை வச்சு!

மூணாறு மலர்: 2016ல மூணு விவாதத்துலயும் ஹிலாரிதான் முன்னேன்னு கருத்துக்கணிப்பு சொல்லுச்சு. நாற்காலி யாருக்குக் கிடைச்சது?

வாளையார் வாத்தி: மறுபடி பேச்சை மாத்தாதம்மா.

சித்தூர்க்காரன்: மைக்கை அணைக்கிற வசதி நம்ம ஊர் வாயனசாலையில, அதான் படிப்பகத்துல, இருந்திருக்கணும். பஞ்சாயத்துத் தேர்தலப்போ வேட்பாளர் கூட்டத்துல இவரு பிடிச்ச மைக்கை வேட்பாளருக்கே கொடுக்கலை.

வாளையார் வாத்தி: ஓஹோ, இன்னும் அந்தக் காந்தலா? ஆழியாத்துத் தண்ணி கடைமடைக்கு ஏன் வரலைன்னு கேட்டேன். உங்காளு ரோடு போட்ட கதையைச் சொன்னாரு.

மூணாறு மலர்: நான் சொன்னது இதைத்தானே!

வாளையார் வாத்தி: நீ சொன்னது ஃபோர்டு. நான் சொல்றது தண்ணி.

சித்தூர்க்காரன்: கேள்வியா கேட்டாரு? முக்கால் மணி நேரப் பிரசங்கம். வந்த பொம்பளைங்க பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க.

பால் சொசைட்டி: கூட்டத்தை விடுங்க. அதே வாயனசாலைக்கு டிவி வாங்கினப்போ ரெண்டு பேரும் பங்கு தர்றேன்னீங்களே, அது என்னாச்சு?

வாளையார் வாத்தி: டிவியே வேண்டாங்கிறவர் இருக்காரே, முதல்ல அவர்கிட்ட கேளுங்க.