முட்டையே இல்லாமல் அடைகிடந்த கறுப்பி

எங்களிடம் ஆறு கோழிகள், சேவல் கிடையாது. முட்டைக்காகத்தான் வளர்க்கிறோம். அதில் கறுப்பி ஒருநாள் சாயங்காலம் முட்டைப் பெட்டியை விட்டு இறங்கவில்லை. கையை நீட்டினேன். உடம்பைப் பரப்பி, இறகெல்லாம் சிலிர்த்து, தொண்டைக்குள் ஓர் உறுமல்! அப்புறம் ஒரு கொத்து. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். அடைக்கு வந்திருக்கிறது என்பது புரியவே இரண்டு நாள் ஆனது. இத்தனைக்கும் அடியில் ஒரு முட்டைகூட இல்லை, நான்தான் தினமும் எடுத்துவிடுகிறேனே.

சரி, தானாகத் தெளியட்டும் என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. முட்டை இருந்தால் 21 நாளில் குஞ்சு வரும், கோழியும் எழுந்துவிடும். இது எதற்காக எழும்? நாலாவது வாரமும் உட்கார்ந்திருந்தது. நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசர அவசரமாகக் கொத்தித் தின்று, குடங்குடமாகத் தண்ணீர் குடித்து, மூக்கைப் பொத்தவைக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடும். தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கையில் குத்தியது. கொண்டை வெளிறிவிட்டது. மண்ணில் புரளாத கோழி என்பதால் பேன் வேறு. பெட்டியை இது பிடித்துக்கொண்டதில் மற்ற கோழிகள் கண்ட மூலையில் முட்டையிட ஆரம்பித்தன.

தூக்கி வெளியே விட்டேன், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டது. பெட்டியை மூடினேன், பக்கத்து மூலையில் வெறுந்தரையில் உட்கார்ந்தது. தண்ணீரில் முக்கி எடு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். முக்கினேன். நனைந்த இறகோடு நடுங்கிக்கொண்டே போய் அதே இடத்தில் படுத்தது. அதை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. யாரும் செய்யாதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது கம்பிவலைக் கூண்டு. அடிப்பக்கமும் வலைதான், வைக்கோல் எதுவும் போடவில்லை. நாலு செங்கல் மேல் தூக்கி, வெளிச்சமும் நிழலும் இருக்கிற இடத்தில் வைத்தேன். உள்ளே தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்கும். அடைக்கோழியின் வயிற்று இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையைத் தொட்டுச் சூடு கொடுக்கும். வலைக்கு அடியில் காற்றோடினால் அந்தச் சூடு தணியும். கூடு கண்ணில் படாமல் போனாலே அடையைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் குறையத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் திறந்துவிட்டேன், நேராகப் பெட்டிக்கு ஓடியது. மறுபடி கூண்டு. ஐந்தாம் நாள் மாலை மற்ற கோழிகளோடு கம்பில் ஏறி உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. முட்டையிட மேலும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது.

அடுத்த முறை உறுமல் கேட்ட அன்றே கூண்டில் போட்டேன். இரண்டே இரவில் தெளிந்துவிட்டது.

மூன்றாம் முறை மனசு கேட்கவில்லை. சேவல் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் ஒன்பது முட்டை வாங்கி, கறுப்பியைத் தனியறையில் அடைவைத்தேன். அப்படியும் கதவு திறந்திருந்த நேரத்தில் வேறு கோழி உள்ளே போய் ஒரு முட்டை போட்டுவிட்டு வந்தது. பென்சிலால் குறி வைத்திருந்ததால் கண்டுபிடித்து எடுத்தேன். ஏழாம் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததில் இரண்டில் கருவே இல்லை. மிச்சம் ஏழில் ஐந்து பொரிந்தன. பொரிக்காத இரண்டில் ஒன்று கூமுட்டை. அது கைதவறி உடைந்த கதையை இங்கே எழுத வேண்டாம்.

பொரிப்பதற்கு முதல்நாள் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்ததும், எப்போதும் என்னைக் கொத்துகிற கறுப்பி தலையைச் சாய்த்து மெல்லிய குரலில் பதில் கொடுத்ததே, அதற்காகவே அடைவைக்கலாம்.

நேற்று மாலையிலிருந்து வெள்ளைச்சி பெட்டியை விட்டு இறங்கவில்லை. கூண்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.