சாம்பிள் புல்லாங்குழலில் மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
கான்டாக்ட் என்னும் மென்பொருளில் இயங்கும் புல்லாங்குழல் சாம்பிள் (பதிவுசெய்த ஒலி) தொகுப்பு ஒன்றைக் கொண்டு பாடல்களுக்கு இடையிசை அமைத்து வருகிறேன். கீபோர்டின் மாட்யுலேஷன் வீலை (ஒலியைக் கட்டுப்படுத்தும் சக்கரத்தை) மெல்ல உயர்த்தும்போது, மென்மையான அடுக்கிலிருந்து உரத்த அடுக்குக்கு மாறும் இடத்தில் இரண்டு குழல்கள் சேர்ந்து ஊதுவது போலக் கேட்கிறது. சில வேளைகளில் நாதம் நடுவே மெலிந்தும் விடுகிறது. பிரெத் கண்ட்ரோலர் (ஊதும் மூச்சால் ஒலியைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்கினால் இது தீருமா, அல்லது சாம்பிளிலேயே மாற்றம் செய்ய வேண்டுமா?

முதல் பதில்:
ஐயா, இக்குறை கண்ட்ரோலரைச் சார்ந்ததன்று. இரண்டு அடுக்குகளும் தனித்தனியே பதிவானவை. அவற்றின் அலைகள் ஒரே கட்டத்தில் (ஃபேஸ்) நிற்பதில்லை என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு க்ராஸ்ஃபேடு ஆகும்போது (ஒன்று தேய மற்றது எழும்போது) சில மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த சுரங்கள்) ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, வேறு சில கூடிக்கொள்கின்றன. வயலின் கூட்டத்தில் இது காதுக்கு எட்டாது. தனிக் குழலில் மறைக்கவே முடியாது. அலைகளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திய தொகுப்பு கைவசம் இல்லையெனில், உரத்த அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஒலியளவும் லோ-பாஸ் ஃபில்டரின் (உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் வடிகட்டியின்) கட்-ஆஃப் எல்லையும் ஒரே கண்ட்ரோலருக்குக் கட்டுப்படுமாறு அமையுங்கள். மூச்சு குறையும்போது அடிப்படைச் சுரத்தைவிட மேற்சுரங்களே விரைந்து தேய்கின்றன. ஆகவே ஒலியளவை மட்டும் குறைத்தால், தொலைவில் நின்று ஒருவர் உரக்க ஊதுவதாகத்தான் தோன்றும். அழுத்தி ஊதினால் குழலின் சுருதி சற்று ஏறுமாதலால், சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) ஏற்றத்தையும் அதே கண்ட்ரோலரில் சேர்க்கலாம். கிளாரினெட்டுக்கு இதைச் செய்துவிடாதீர்கள். அதில் உரக்க ஊதினால் சுருதி இறங்கும்.

இரண்டாம் பதில்:
மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆயினும் பிரெத் கண்ட்ரோலரை ஒதுக்கிவிட வேண்டாம். 1983-இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரிலேயே அதற்கான இணைப்பு இருந்தது. மிடியில் (மின்னிசைக் கருவிகளும் கணினியும் தொடர்புகொள்ளும் முறையில்) 2-ஆம் எண் கண்ட்ரோலர் மூச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கீபோர்டில் ஸ்வரத்தை அழுத்திய பிறகு விரலுக்கு வேலையில்லை. ஊதுபவருக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. வெலாசிட்டியை (கட்டையை அழுத்தும் வேகத்தை) ஒலியளவிலிருந்து விடுவித்து, ஸ்வரத்தை நாக்கால் தொடங்கும் அழுத்தத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். குழலின் வைப்ராட்டோ (நாதத்தின் சீரான அலைவு) பெரும்பாலும் மூச்சில், நொடிக்கு ஏறத்தாழ 5 முறை எழுவது. எல்எஃப்ஓ (மெதுவாக அலையும் கட்டுப்பாட்டு அலை) கொண்டு சுருதியை மட்டும் ஆட்டுவது என் காதுக்குப் பழைய கீபோர்டையே நினைவூட்டுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஃபில்டர் முறையில் இரட்டைக் குழல் நின்றுவிட்டது. ஆனால் தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது நாதமே மாறிவிடுகிறதே?

முதலில் பதிலளித்தவர்:
அந்த அசைவு ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே செல்வது. பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் கட்டுப்பாடு) அவ்வளவு தூரம் இழுக்கும்போது, சாம்பிளில் கலந்துள்ள காற்றின் இரைச்சலும், பதிவிலேயே வைப்ராட்டோ இருந்தால் அதன் வேகமும் சேர்ந்தே மாறுகின்றன. வைப்ராட்டோ இல்லாத சாம்பிளை எடுத்து, அசைவின் நடுவிலுள்ள ஸ்வரத்திலிருந்து இருபுறமும் வளையுங்கள். காற்றொலியைப் பெண்டுக்கு உட்படாத தனி அடுக்காக வையுங்கள். இயல்பாக இருக்கும் 2 அரைச்சுர எல்லையை விரித்தாலும் படிப்படியாகக் கேட்காது, ஏனெனில் பிட்ச் பெண்டுக்கு 16,384 நிலைகள் உண்டு. நீண்ட ஜாருகளுக்கு (ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதற்கு) இதுவும் போதாது. அவற்றுக்கு 1994-இல் யமஹா விஎல்1 சிந்தசைசர் வழியாக விற்பனைக்கு வந்த பிசிக்கல் மாடலிங் (பதிவின்றி, கருவி இயங்கும் விதத்தைக் கணக்கிட்டு ஒலி எழுப்பும்) முறையையே நாடுவேன்.