முட்டை குறைந்தது பற்றிய புதுப்பிப்பு: காரணம் கூண்டிலேயே இருந்தது

எட்டுக் கோழிகளிடமிருந்து நாளொன்றுக்கு 6 முட்டைகள் கிடைத்துவந்தது, ஒரே வாரத்தில் ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இறகு உதிரும் பருவமா, வேறிடத்தில் ஒளித்து இடுகின்றனவா என்று பார்க்கச் சொன்னீர்கள். இரண்டும் இல்லை, தீவனமும் வெளிச்சமும்கூட மாறவில்லை.

ஆனால் கொண்டைகள் வெளுத்திருந்ததும், அந்தியில் கோழிகள் கூண்டுக்குள் நுழையத் தயங்கியதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. இருட்டிய பின் கைவிளக்குடன் சென்று, அவை அமரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தபோது, துணியில் இரத்தக் கறை படிந்தது. செவ்வுண்ணிகள்! அவை பகலில் மர இடுக்குகளில் பதுங்கி, இரவில் வந்து இரத்தம் குடிப்பவை என்பதால், பகல் வேளையில் கோழிகளின் உடலை எத்தனை முறை சோதித்தும் என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றினேன். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கால்நடை மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை இடுக்குகளில் தெளித்தேன். இவ்வுண்ணி முட்டையிலிருந்து முதிர்ச்சியடைய ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால், ஏழாம் நாள் மறுபடியும் தெளித்தேன், இதைத் தவறவிடாதீர்கள்.

மூன்று வாரங்கள் கடந்த நிலையில் நாளுக்கு 4 முட்டைகள் கிடைக்கின்றன. இரண்டு கோழிகளின் கொண்டை இன்னும் சிவக்கவில்லை. அவற்றைத் தனியே வைத்துக் கவனித்துவருகிறேன்.