பாமிர் சாலையில் எதிரே வந்தவர்கள்

2019 கோடையில் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே வரை எம்41 சாலையில் தனியாக பைக்கில் போனேன். 1,200 கிலோமீட்டருக்கு மேல். பாமிர் நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும் பல இடங்களில் தார் போய்ச் சரளையும் மணலும்தான். மலைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது எதிரே வந்தவர்களைப் பற்றி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரில் பெட்டி கட்டிய பைக் வந்தால் இரண்டு பேரும் நிறுத்துவார்கள். பெயர், ஊர் எல்லாம் அப்புறம். முதலில் வருவது பெட்ரோல் எங்கே கிடைத்தது, ஓடையில் தண்ணீர் எவ்வளவு, செக்போஸ்ட்டில் என்ன கேட்டார்கள் என்பதுதான். போன் சிக்னல் மணிக்கணக்கில் கிடைக்காத வழியில் இதைவிட நம்பகமான தகவல் எனக்குக் கிடைக்கவில்லை. சொல்பவர் அந்த இடத்தைத் தாண்டி இப்போதுதான் வருகிறார்.

கராகுல் ஏரியைத் தாண்டி அக்பைத்தால் கணவாய்க்கு ஏறும் வழி. இடது பக்கம் சீன எல்லை வேலி கூடவே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க நிறுத்தி இறங்கியிருந்தபோது பக்கவாட்டில் அடித்த காற்று பைக்கைத் தள்ளிவிட்டது. கணவாயின் உயரம் 4,655 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்கூட இல்லை. நான் நின்ற இடமும் அதற்கு ரொம்பக் கீழே இல்லை. பெட்டிகளைக் கழற்றி வைத்ததற்கே மூச்சு வாங்கியது. தூக்கிப் பார்த்தேன், பாதி வரை வந்து மறுபடி சாய்ந்தது.

கணவாய்க்கு அப்பாலுள்ள முர்காப் ஊர்ப் பக்கமிருந்து ஒரு பைக் வந்து நின்றது. ஜெர்மனியைச் சேர்ந்த பெண்மணி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அவரும் தனியாக. வந்ததும் தூக்க ஓடவில்லை. என்னை முதலில் உட்காரச் சொன்னார், மூச்சு நிதானமாகும் வரை பேசவே விடவில்லை. பிறகு ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, முதுகு காட்டி நின்று, கையால் இழுக்காமல் காலால் பின்னோக்கி நடக்கச் சொன்னார். அவர் மறுபக்கம் நின்று பிடித்துக்கொண்டார். பைக் எழுந்தது.

அதன்பின் டேங்க் மேலிருந்த தூசியிலேயே விரலால் வழியை வரைந்தார். முர்காப்பில் கேனிலிருந்து ஊற்றித்தான் பெட்ரோல் தருவார்கள், சில சமயம் தரம் குறைந்த 80 ஆக்டேன்தான் இருக்கும், துணியில் வடிகட்டிக்கொள் என்றார். அலிச்சூருக்கு அப்பால் கர்குஷ் வழியாக வாகான் பள்ளத்தாக்குக்குப் போவதென்றால் எங்கே மணல் ஆழம் என்று இரண்டு புள்ளி வைத்தார். பனி உருகி வரும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடு, மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னிடம் மீந்திருந்த கிர்கிஸ் பணமான சோமை வாங்கிக்கொண்டு தன்னிடம் மிச்சமிருந்த தஜிக் சோமோனியைக் கொடுத்தார். பதிலுக்கு நான் கிசில்-ஆர்ட் எல்லையைப் பற்றிச் சொன்னேன்: இரண்டு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர், அதில் செம்மண் இறக்கம், மழை பெய்தால் வழுக்கும்.

இருவர் மூவராகப் போகிறவர்களையும் வழியில் பார்த்தேன். கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களுக்குள்ளேயே பேச ஆள் இருக்கிறது. தனியாக வருபவர்தான் நின்று முழுதாகச் சொல்கிறார், முழுதாகக் கேட்கிறார். தனியாகப் போவதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கொரோக் தாண்டி, பாஞ்ச் ஆற்றின் அக்கரையில் ஆப்கானிஸ்தானைப் பார்த்தபடி போகும் பகுதியில் வழி நிலவரம் சொல்லும் வேலையை லாரி ஓட்டுநர்கள் செய்தார்கள். மொழி தெரியாது. முன்னே பாறை சரிந்திருந்தால் கையைக் குறுக்கே காட்டுவார்கள், வழி திறந்திருந்தால் கட்டைவிரல்.

கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் நடந்த 2021 மோதலுக்குப் பிறகு அவற்றின் எல்லை மூடப்பட்டு, 2025 மார்ச்சில்தான் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகு கிசில்-ஆர்ட் வழியாகப் போனவர்கள் யாராவது இருந்தால், அந்தச் செம்மண் இறக்கம் இப்போது எப்படி இருக்கிறது, சாவடியில் என்னென்ன தாள் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள்.