சிசிலியென்: பாரடிஸ் பெயரைச் சும்மா ஒட்டாதீர்கள்

வில்லாளன்: "பாரடிஸ் எழுதிய அழியாத சிசிலியென்" என்று நேற்று ஒருவர் இங்கே உருகியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். இசையமைப்பாளர் மரியா தெரேசியா ஃபான் பாரடிஸ் 1824-இல் வியன்னாவில் இறந்துவிட்டார். சிசிலியென் என்ற இந்தச் சின்ன இசைத்துண்டு வெளியே வந்ததே 1924-இல், சாமுவேல் துஷ்கின் என்ற வயலின்காரர் மூலமாக. மூலப்பிரதி எங்கே?

கமலி: உருகியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். சிறுவயதிலேயே பார்வை போனவர். 1784-இல் பாரிஸ் மேடைகளில் கைதட்டல் வாங்கியவர். நண்பர் ரீடிங்கர் செய்துகொடுத்த பலகையில் சுரங்களைக் குறிக்க முளைகளைச் செருகிச் செருகி ஆப்பெராவே, அதாவது இசைநாடகமே, எழுதியவர். இந்தச் சின்ன மெட்டு அவருக்கு வராதா?

வில்லாளன்: வருமா வராதா என்று யார் கேட்டது? எழுதினாரா என்பதுதான் கேள்வி. ஜெர்மன் இசையமைப்பாளர் வேபரின் ஓபஸ் 10, முதல் வயலின் சொனாட்டா, அதில் லார்கெட்டோ என்ற மெதுவான பகுதி. போட்டுக் கேளுங்கள், சிசிலியென் எங்கிருந்து வந்தது என்று தெரியும். காது இருந்தால் போதும்.

கமலி: 2018-இல் இளவரசர் ஹாரி கல்யாணத்தில் ஷேக்கு கன்னே-மேசன் செல்லோவில் வாசித்தாரே, பாரடிஸ் பெயரில்தானே?

வில்லாளன்: கல்யாண வீட்டில் யார் ஆதாரம் கேட்பார்கள்! மூலப்பிரதி எங்கே?

வியன்னா ரசிகை: இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். 1808-இல் அவர் வியன்னாவில் இசைப்பள்ளி தொடங்கிப் பெண்களுக்குப் பாட்டும் பியானோவும் சொல்லிக்கொடுத்தார். கடைசிவரை வாழ்க்கையே அதுதான். அவரே இசையமைப்பாளர் சாலியேரியிடம் பாட்டு கற்றவர். அதைப் பேசலாமே?

கமலி: சாலியேரி வந்தாச்சா? அடுத்து மொஸார்ட்டுக்கு விஷம் வைத்த கதையும் வரும்.

வியன்னா ரசிகை: அந்தக் கட்டுக்கதையை இழுத்தது நீங்கள், நானில்லை.

வில்லாளன்: பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இருக்கட்டும். மூலப்பிரதி?

பழம்பஞ்சாங்கம்: போன வருஷம் பழைய இத்தாலிய இசையமைப்பாளர் அல்பினோனி பெயரில் உலவும் அடாஜியோ என்ற இசைத்துண்டிலும் இதே ஆள்தான். "எழுதியது இசை ஆய்வாளர் ஜாசோட்டோ, ஜாசோட்டோ" என்று கத்தி ஒரு வாரம் யாரையும் பேசவிடவில்லை.

வில்லாளன்: கத்தினேன். சொன்னது சரியா, தப்பா? 1958-இல் அச்சான சரக்கை இருநூறு வருஷப் பழசு என்று நீங்கள்தான் சாதித்தீர்கள், ஐயா.

பழம்பஞ்சாங்கம்: உங்களோடு பேசுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

வில்லாளன்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்களாம்?

கமலி: என் செல்லோ நோட்டில் 'பாரடிஸ்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. அந்தப் பெயரை அடித்துவிட மாட்டேன்.

வில்லாளன்: அச்சடித்தவர் பார்த்தாரா மூலப்பிரதியை?